ஜப்பானியப் பேய்களும் நவீன ஓவியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய ஓவியம் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு வகை ஆட்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். அனிமே பார்த்து அந்த ஊர்ப் பேய்களோடு பழகியவர்கள் ஒரு வகை. நவீன ஓவியம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் கேட்பதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகிறார்கள் என்று எனக்குப் படும்: புரியாத ஒன்று எதிரே நிற்கும்போது என்ன செய்வது? அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

யோகாய், யோகாய்னு சொல்றாங்களே, அது பேயா, பிசாசா, பூதமா?

எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். இன்னதென்று சொல்ல முடியாத எதுவும் யோகாய் கணக்கில் வந்துவிடும். ஆற்றுக்குள் ஆளை இழுக்கும் கப்பா, மலைக்காட்டில் வம்பு செய்யும் நீள மூக்குத் தெங்கு, பெண் உருவில் வந்து மயக்கும் நரி, ராத்திரி நடப்பவனை முன்னேற விடாமல் மறிக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர் எல்லாம் இதில் சேர்த்தி. ஓடைக்கரையில் யாரோ பயறு கழுவுவது போல ஒரு சத்தம் கேட்கிறது, போய்ப் பார்த்தால் ஆள் இல்லை என்றால் அந்தச் சத்தத்துக்கும் ஒரு யோகாய் உண்டு.

செத்தவர்களின் ஆவி தனி ரகம், அதற்கு யூரே என்று பெயர். ஜப்பானிய நாட்டாரியலைத் தொடங்கி வைத்த யனகிதா குனியோ (1875–1962) இரண்டையும் பிரிக்க ஒரு கோடு போட்டார். யோகாய் ஓர் இடத்தில் இருக்கும், அந்தப் பக்கம் போகாதவனுக்குத் தொந்தரவு இல்லை, அந்தி மயங்கும் நேரம் அதற்குப் பிடித்தது. யூரே ஓர் ஆளைத் தேடி வரும், எங்கே ஓடினாலும் விடாது, நடுநிசி தாண்டித்தான் வரும். நினைவில் வைக்க வசதியான கோடு, ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். கிணற்றடியை விட்டு நகராத யூரே ஒருத்தி கீழே வருகிறாள்.

ஓனிக்கு மட்டும் ஏன் எப்பவும் கொம்பும் புலித்தோலும்?

ஓனி என்பது ஜப்பானிய அரக்கன். கொம்புக்கும் தோலுக்கும் காரணம் திசைக் கணக்கு. திசைகளுக்கு விலங்குப் பெயர் வைக்கும் பழைய முறைப்படி வடகிழக்கு என்பது எருதுக்கும் புலிக்கும் நடுவில் வரும் திசை. தீயவை உள்ளே வரும் வாசலும் அதுதான். எருதின் கொம்பு, புலியின் தோல், ஓனி தயார். கியோட்டோ நகருக்கு வடகிழக்கில் ஹியே மலை இருக்கிறது. அங்குள்ள என்ரியாக்குஜி மடம் தலைநகரின் அந்த வாசலைக் காக்கிறது என்று நம்பினார்கள். இந்த மலை பின்னால் ஒரு நவீன ஓவியர் கதையில் மறுபடி வரும்.

எல்லாத்துலயும் ரொம்ப பயங்கரமானது எது? பெரிய பட்டியல் வேண்டாம்.

எனக்கு நொப்பெராபோ. பார்க்கச் சாதாரண மனிதன், திரும்பினால் முகம் வழவழவென்று இருக்கும், கண் மூக்கு வாய் எதுவும் கிடையாது. அது ஆளைக் கடிக்காது, துரத்தாது. அலறி ஓடுகிறவன் வழியில் ஒரு கடைக்காரரிடம் மூச்சிரைக்க நடந்ததைச் சொல்வான். கடைக்காரர் தன் முகத்தைத் தடவிக்காட்டி "இப்படி இருந்ததா?" என்று கேட்பார். அவ்வளவுதான் கதை. கொம்பு, கோரைப்பல் ஒன்றும் தேவைப்படவில்லை.

புதிய காலத்தில் என்றால் வாய் கிழிந்த பெண், குச்சிசாகே-ஒன்னா. முகமூடி போட்டுக்கொண்டு வந்து "நான் அழகா?" என்று கேட்பாள். 1979-இல் இந்த வதந்தி நாடு முழுக்கப் பரவி, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குப் போனது. இது பாட்டி காலத்துக் கதை என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்கவும்.

ஒத்தைக் கண்ணு, ஒத்தைக் காலோட ஒரு குடை. இதைப் பார்த்து யார் பயப்படுவாங்க?

யாரும் பயப்பட மாட்டார்கள், இன்று அது பொம்மைக்கடைச் சரக்கு. ஆனால் அதன் பின்னால் இருக்கும் எண்ணம் லேசானதல்ல. ஒரு பொருள் நூறு ஆண்டு புழங்கினால் அதற்கு உயிர் வந்துவிடும், அதைத் தூக்கி எறிந்தால் அது எறிந்தவர்கள் மேல் கோபம் கொள்ளும். இவற்றுக்குத் த்சுகுமோகாமி என்று பெயர். கியோட்டோ தைத்தோக்குஜி மடத்தைச் சேர்ந்த ஷின்ஜு-அன்னில், முரோமாச்சி காலத்து (14–16-ஆம் நூற்றாண்டு) நீளச்சுருள் ஓவியம் ஒன்று இருக்கிறது. பழைய இசைக்கருவிகள், பாத்திரங்கள், செருப்புகள் எல்லாம் கைகால் முளைத்து ராத்திரி ஊர்வலம் போகின்றன. சுருள் முடியும் இடத்தில் பெரிய சிவந்த நெருப்புருண்டை ஒன்று எழ, எல்லாம் சிதறி ஓடுகின்றன.

இந்த எண்ணத்தின் உண்மையான வாரிசு என்று நான் நினைப்பது ஷியோதா சிஹாரு. 1972-இல் ஒசாக்காவில் பிறந்தவர், பெர்லினில் வாழ்கிறார். சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீடு தீப்பிடித்து, மறுநாள் எரிந்த பியானோ ஒன்று வெளியே கிடந்ததைப் பார்த்தார். பிற்காலத்தில் எரிந்த பியானோவைக் கூடத்தின் நடுவில் வைத்து, சுற்றிலும் சுவர் வரை கறுப்பு நூலால் வலை பின்னினார். 2015-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜப்பான் அரங்குக்காகப் பலரிடம் பழைய சாவிகளை வாங்கிச் சிவப்பு நூலில் தொங்கவிட்டார். யோகாய் என்று அவர் எதற்கும் பெயர் வைக்கவில்லை. ஆனால் புழங்கிய பொருளில் புழங்கியவர் மிச்சம் இருக்கிறார் என்பது அந்தக் கூடத்தில் நின்றால் உடம்பில் ஏறும்.

இதுக்கெல்லாம் உருவம் கொடுத்தது யாரு? பார்த்தவங்க சொல்லி வரைஞ்சாங்களா?

பெரும்பாலும் ஒரே ஆளைக் கை காட்டலாம்: தொரியாமா செக்கியென் (1712–1788). எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்து ஓவியர், மரஅச்சில் அழகிகளை வரைந்து புகழ்பெற்ற உத்தமாரோவுக்கு ஆசிரியர். 1776-இல் யோகாய்களைப் பக்கத்துக்கு ஒன்றாக, பெயர் போட்டு, கலைக்களஞ்சியம் மாதிரி ஒரு புத்தகம் வெளியிட்டார். நன்றாகப் போகவே 1784 வரை இன்னும் மூன்று வந்தன. முதல் புத்தகத்தில் ஊரறிந்தவை நிறைய. போகப் போகச் சரக்கு தீர்ந்திருக்க வேண்டும். பழைய கவிதை, சிலேடை, தத்துவப் புத்தகம் என்று எங்கெங்கோ பிடித்துத் தானே புதிதாகப் படைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதாவது மக்கள் பயந்ததை ஓவியர் வரைந்தார், ஓவியர் வரைந்ததை அப்புறம் மக்கள் பயந்தார்கள். எது முதல் என்று பிரிக்கவே முடியாத இடங்கள் உண்டு.

ஜப்பான்காரங்க இதெல்லாம் நிஜமாவே நம்பறாங்களா?

நம்பாதவர்கள் அங்கேயும் ரொம்பக் காலமாக இருக்கிறார்கள். இனோவே என்ரியோ (1858–1919) என்ற தத்துவ ஆசிரியர் ஊர் ஊராகப் போய்ப் பேய்க்கதைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் அறிவியல் விளக்கம் சொல்லி, மூடநம்பிக்கையை ஒழிக்கப் பாடுபட்டார். விளைவு, மக்கள் அவரை 'யோகாய் டாக்டர்' என்றே கூப்பிட்டார்கள். ஒழிக்க நினைத்தவரே பெரிய சேகரிப்பாளர் ஆகிவிட்டார்.

இன்றைய நிலை நம்பிக்கைக்கும் விளையாட்டுக்கும் நடுவில். நாசு என்ற இடத்தில் 'கொல்லும் கல்' ஒன்று உண்டு. ஒன்பது வால் நரி அதற்குள் அடைந்திருப்பதாகக் கதை. அங்கே எரிமலை வாயு கசிவதால் சிறு பிராணிகள் சாவது உண்மை. 2022 மார்ச்சில் அந்தக் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஏற்கெனவே இருந்த விரிசலில் மழைநீர் இறங்கி உறைந்திருக்கும் என்றார்கள். ஆனாலும் பூசாரிகளை வைத்துச் சாந்தி செய்துவிட்டார்கள். 2020 கொரோனா காலத்தில் அமாபியே என்ற கடல் யோகாயின் கதையும் அப்படித்தான். 1846-இல் ஹிகோ கடற்கரையில் தோன்றி, நோய் பரவினால் என் படத்தை வரைந்து மக்களுக்குக் காட்டு என்று சொன்னதாக ஒரு செய்தித்தாள் துண்டு. கூந்தலும் அலகும் செதிலும் உள்ள அந்த உருவத்தைச் சுகாதார அமைச்சகமே விழிப்புணர்வுப் படத்தில் போட்டது. அமாபியே மருந்தோ மந்திரமோ சொல்லவில்லை, வரையத்தான் சொன்னது. இந்தப் பக்கத்தின் விஷயமே அதில் இருக்கிறது என்பேன்.

இதுல பாதி நம்ம ஊர்லேருந்து போனதுன்னு சொல்றாங்களே?

பாதி என்பது அதிகம். பௌத்தத்தோடு சீனா, கொரியா வழியாகப் போனவை உண்டு. ராட்சசன், யட்சன், பிரேதம் மூன்றும் அங்கே பெயர் மாறி வாழ்கின்றன. பசி தீராத பிரேதங்களைக் காட்டும் 12-ஆம் நூற்றாண்டுச் சுருள்களைத் தோக்கியோ, கியோட்டோ தேசிய அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றன. ராஜகிருகத்தில் பிள்ளைகளைத் தின்ற ஹாரிதி, புத்தரால் திருந்திக் குழந்தைகளைக் காப்பவளான கதை தெரிந்திருக்கும். தோக்கியோவின் சோஷிகயாவில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

மேலே சொன்ன ஒன்பது வால் நரிக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. ஜப்பான் அரண்மனைக்கு வருவதற்கு முன் அது மகதத்தில் ஓர் அரசனை மயக்கித் தலைகளை வெட்டச் சொன்னதாம். அந்த அரசன் நம் கல்மாஷபாதன்தான். கப்பா, பனிப்பெண், பயறு கழுவுகிற சத்தம் எல்லாம் அந்த மண்ணிலேயே விளைந்தவை.

பேய்க்கு ஏன் கால் இல்லை?

மருயாமா ஓக்கியோ (1733–1795) என்ற ஓவியரைச் சொல்வார்கள். வெள்ளை உடை, கலைந்த கூந்தல், இடுப்புக்குக் கீழே புகை போல மங்கிப்போகும் உடல், இந்த உருவம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பே கால் இல்லாத பேய் அச்சுப் படங்களில் இருந்தது. ஆனால் பட்டில் மையைத் தேய்த்துத் தேய்த்துக் கரையவிட்டு, எங்கே உடல் முடிந்து எங்கே வெறும் பட்டு தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் செய்த கைவேலைதான் நிலைத்தது. இந்த வெற்றிடத்தை மனதில் வையுங்கள், நவீன ஓவியம் பார்க்கும்போது உதவும்.

ஹொக்குசாய் அந்தப் பெரிய அலையை வரைஞ்சவர்தானே? அவருமா பேய் வரைஞ்சார்?

ஏறக்குறைய அதே ஆண்டுகளில். 1831–32 வாக்கில் 'நூறு கதைகள்' என்று ஒரு வரிசை தொடங்கினார், நமக்குத் தெரிந்து 5 படங்கள்தான் வந்தன. தலைப்பு ஒரு விளையாட்டிலிருந்து வந்தது. ராத்திரி கூடி உட்கார்ந்து ஆளாளுக்குப் பேய்க்கதை சொல்வார்கள், ஒரு கதை முடிந்தால் ஒரு திரியை அணைப்பார்கள். நூறாவது திரி அணைந்ததும் நிஜமாகவே ஏதோ வரும் என்று நம்பிக்கை. தொண்ணூற்றொன்பதில் நிறுத்திக்கொண்டவர்கள் நிறைய.

அந்த ஐந்தில் ஒகிக்கு படம் எனக்குப் பிடித்தது. 10 தட்டுகளில் ஒன்று காணாமல் போனதற்காகக் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்ட பணிப்பெண். ராத்திரி ராத்திரி ஒன்பது வரை எண்ணிவிட்டு அழுவாள். அவளுடைய கிணறு என்று ஹிமேஜி கோட்டையில் இன்றும் காட்டுகிறார்கள். ஹொக்குசாய் அவள் கழுத்தைத் தட்டுகளாலேயே அடுக்கிப் பாம்பு போலக் கிணற்றிலிருந்து எழுப்பினார். எந்தப் பொருளால் செத்தாளோ அந்தப் பொருளே அவள் உடம்பு. நூறு ஆண்டு கழித்து ஐரோப்பாவில் சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவில் போலச் சேராதவற்றைச் சேர்த்து வரைந்தவர்கள், செய்த வேலை இது என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள், படத்தைப் பார்த்துவிட்டுக் கோபிக்கட்டும்.

குனியோஷி வரைஞ்ச அந்த ராட்சச எலும்புக்கூடு கஷாதொக்குரோதானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், இல்லை. மரஅச்சு ஓவியர் உத்தகாவா குனியோஷி 1844 வாக்கில் மூன்று தாள்களில் வரைந்தது தக்கியாஷா என்ற சூனியக்கார இளவரசியின் கதை. கலகம் செய்து மடிந்த தந்தையின் பாழடைந்த அரண்மனையில் இருந்துகொண்டு, தேடி வந்த வீரன்மேல் எலும்புக்கூட்டை ஏவுகிறாள். மூலக்கதையில் சாதாரண அளவில் நிறைய எலும்புக்கூடுகள் வரும். குனியோஷி எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மூங்கில் திரையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற ஒரே பெருங்கூடாக மாற்றினார். எலும்புகள் அமைந்திருக்கும் துல்லியத்தைப் பார்த்தால் மேற்கத்திய உடற்கூறு நூல்களின் படங்களைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றும்.

கஷாதொக்குரோ 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சிறுவர் புத்தகங்கள் வழியே பிறந்த யோகாய். அதற்கு முகம் வேண்டியிருந்தது, குனியோஷியின் படத்தை எடுத்துக்கொண்டார்கள். செக்கியென் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும்: படம் முதலில், பேய் பின்னால்.

பேய்ப் படத்துல அரசியல் இருக்குன்னு சொன்னா கொஞ்சம் ஓவரா இல்லையா?

அரசாங்கமே அப்படி நினைக்கவில்லை. 1842-இல் நடிகர்கள், கணிகைகளின் படங்களுக்குத் தடை வந்தது. சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் கேளிக்கை எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். 1843-இல் குனியோஷி ஒரு பழங்கதையை வரைந்தார்: தளபதி ரைக்கோ படுத்திருக்கிறார், மண்சிலந்தி பின்னால் எழுகிறது, அவருடைய நான்கு வீரர்கள் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள், இருட்டில் யோகாய்ப் படை திரள்கிறது. எடோ மக்கள் புதிர் அவிழ்க்க ஆரம்பித்தார்கள். ஒரு வீரனின் உடையில் இருக்கும் சின்னம், அந்தத் தடைகளைக் கொண்டுவந்த அமைச்சர் மிசுனோ தடகுனியின் குடும்பச் சின்னம். அப்படியானால் தூங்குகிறவர் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுன். யோகாய்கள் யார்? பிழைப்பை இழந்த தொழில்காரர்கள். பேச்சு பரவியதும் பதிப்பாளர் பயந்து, தாள்களைத் திரும்பப் பெற்று, அச்சுக்கட்டைகளையும் அழித்துவிட்டார். மிசுனோ அதே ஆண்டு பதவி இழந்தார்.

குனியோஷியிடம் ஏழு வயதில் சேர்ந்த கவனாபே கியோசாய் (1831–1889) இன்னும் துணிச்சல்காரர். 1870-இல் குடிபோதையில் வரைந்த கேலிப்படத்துக்காகச் சிறைக்கே போனார்.

சரி, நவீன ஓவியத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா ஒட்ட வைக்கறீங்களா?

ஒட்டவைத்தது நான் இல்லை. நீண்ட காலம் குனியோஷி போன்றவர்களை ஜப்பானியக் கலை வரலாறு கோமாளிகளாக ஓரம் கட்டியிருந்தது. 1970-இல் வரலாற்றாசிரியர் த்சுஜி நொபுவோ, குனியோஷி உட்பட ஆறு 'விசித்திர' ஓவியர்களை ஒரே மரபாகத் தொகுத்து எழுதினார். அப்புறம்தான் அருங்காட்சியகங்கள் திரும்பிப் பார்த்தன. அந்த மரபின் வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் தகாஷி முரகாமி. அனிமே, மரஅச்சு, பழைய திரை ஓவியம் எல்லாவற்றிலும் ஆழமில்லாத ஒரே தட்டையான பரப்பு இருக்கிறது என்பது அவர் வாதம். 2011 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு 100 மீட்டர் நீளத்தில் 'ஐந்நூறு அருகதர்கள்' வரைந்து 2012-இல் தோஹாவில் காட்டினார். துறவிகளுக்கு நடுவே கண் பிதுங்கிய பூதங்கள் மண்டிக்கிடக்கும். அவருடைய சிரிக்கும் பூக்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். எனக்கும் அந்தப் பூக்கள் சலிப்புதான்.

ஒசாக்காவுல சூரியக் கோபுரம் பார்த்தேன். மன்னிக்கணும், அசிங்கமா இருக்கு.

ஒகமோட்டோ தாரோ (1911–1996) கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கலை திறமையாகவோ, அழகாகவோ, சுகமாகவோ இருக்கக் கூடாது என்று 1954-லேயே எழுதியவர். 1930-களில் பாரிசில் ஓவியம் பயின்றதோடு மார்செல் மோஸிடம் இனவரைவியலும் படித்தார். ஊர் திரும்பி 1951-இல் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஜோமோன் காலத்து மண்பாண்டங்களைப் பார்த்து அதிர்ந்துபோனார். ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய அந்தப் பானைகளின் விளிம்பில் தீப்பிழம்பு போலக் களிமண் முறுக்கிக்கொண்டு எழும். அதுவரை தொல்லியல் பொருளாக மட்டும் இருந்தவை அவர் எழுதிய பிறகு கலைப்பொருள் ஆயின. புத்தாண்டு இரவில் கோர முகமூடியோடு வீடு வீடாக நுழைந்து பிள்ளைகளை அதட்டும் அக்கித்தாவின் நமஹகேக்களையும் 1957-இல் போய்ப் படம் எடுத்தார்.

இதெல்லாம் சேர்ந்துதான் 1970 ஒசாக்கா உலகக் கண்காட்சியில் அந்த 70 மீட்டர் உருவமாக எழுந்தது. கண்காட்சியின் கருப்பொருள் முன்னேற்றம். நடுவில் கென்சோ தாங்கே வடிவமைத்த நவீனமான பெரிய கூரை, அதை ஓட்டை போட்டுக்கொண்டு மேலே தலை நீட்டும் பழங்குடித் தெய்வம் மாதிரி ஒன்று. உச்சியில் பொன்முகம், வயிற்றில் முறைக்கும் முகம், முதுகில் கறுப்புச் சூரியன். அதாவது நகரத்து நடுவே ஒரு நமஹகே. அடுத்த முறை முதுகுப் பக்கம் போய் நின்று பாருங்கள், 2018 முதல் உள்ளேயும் போகலாம். அப்போதும் அசிங்கம் என்று பட்டால் அது உங்கள் நேர்மையான கருத்து, மாற்ற வேண்டியதில்லை.

எனக்கு நவீன ஓவியம் சுத்தமா புரியலை. எப்படித்தான் பார்க்கணும்?

மியோஷி என்ற ஊரில் 1749-இல் நடந்ததாக ஒரு கதை. இனோ ஹெய்தாரோ, 16 வயதுப் பையன். அவன் வீட்டுக்கு 30 நாள் தொடர்ந்து யோகாய்கள் வருகின்றன. தலைகீழாக ஒரு பெண் தலை கூந்தலால் நடக்கிறது. பெரிய கிழவி முகம் ஒன்று வாசலை அடைக்கிறது. கூரை தாழ்ந்து இறங்குகிறது, பாய்கள் தாமாக எழும்புகின்றன. நண்பர்களும் உறவினர்களும் ஓடிவிடுகிறார்கள். ஹெய்தாரோ பார்க்கிறான், பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். கடைசியில் யோகாய்களின் தலைவன் நேரில் வந்து அவன் துணிச்சலைப் பாராட்டி ஒரு மரச்சுத்தியலைப் பரிசளித்துவிட்டுப் போகிறான்.

நவீன ஓவியத்தின் முன் நான் சொல்லும் முறை ஹெய்தாரோ முறைதான். அர்த்தம் கண்டுபிடிக்கிற அவசரத்தில்தான் பலர் ஓடுகிறார்கள். முதலில் பெயர்ப்பலகையைப் படிக்காதீர்கள். ஒரே படத்தின் முன் சில நிமிடம் நில்லுங்கள். கண் எங்கே முதலில் போகிறது, எங்கே போக மறுக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் உயரத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிது? எந்தப் பொருளால் செய்தது, கை வேகமாக ஓடியிருக்கிறதா, நிதானமாகவா? எங்கே ஒன்றும் வரையாமல் விட்டிருக்கிறார்? ஓக்கியோவின் பேய்க்குக் கால் வரையாததால் அந்த இடத்தை உங்கள் மனம் நிரப்பியதே, அதே வேலையை இங்கேயும் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு பலகையைப் படியுங்கள். ஆண்டு, ஊர், அப்போது அங்கே என்ன நடந்தது என்பது பல நேரம் பூட்டைத் திறந்துவிடும். குனியோஷியின் சிலந்தி, 1843 என்ற ஆண்டு தெரியாவிட்டால் வெறும் சிலந்திதான். படித்த பின்னும் ஒன்றும் அசையவில்லையா, அடுத்த படத்துக்குப் போங்கள். எல்லாப் படமும் எல்லாருக்கும் பேச வேண்டும் என்று சட்டம் இல்லை.

"இதை என் பையன் கூட வரைவான்." இதுக்கு உங்க பதில்?

பையன் வரைந்தால் நல்லது, தாளை எடுத்து வையுங்கள். ஷிராகா கசுவோ (1924–2008) உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தரையில் விரித்த கித்தானில் காலால் எண்ணெய்ச் சாயத்தை உழுது வரைந்தவர். போருக்குப் பின் ஜப்பானில் புதுச் சோதனைகள் செய்த குத்தாய் என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்தவர். முறையாக ஓவியம் படித்து, கை தேர்ந்த பிறகு, அந்தப் பழக்கமான கையை ஒதுக்கிவிட்டுத்தான் காலுக்கு வந்தார். 1959 முதல் சீன வீரகாவியமான 'நீர்க்கரை'யின் 108 வீரர்கள் பெயரைப் படங்களுக்கு வைத்தார். அதே வீரர்களை 1827-இல் வரைந்துதான் குனியோஷி புகழ் பெற்றார். 1971-இல் ஷிராகா துறவு தீட்சை வாங்கினார். எங்கே? ஓனிகளின் வாசலைக் காக்கும் அந்த ஹியே மலை மடத்தில்.

காலால் வரைவதும் முழுக்கப் புதிதல்ல. 1880-இல் கியோசாய் ஒரு நாடக அரங்குக்காக 17 மீட்டர் நீளத் திரையில் கபுகி என்ற மரபு நாடகத்தின் நடிகர்களை யோகாய்களாகச் சில மணி நேரத்தில் தீட்டினார், குடித்துவிட்டு. அந்தத் திரையில் அவர் கால்தடம் இருக்கிறது. அது தற்செயல், ஷிராகாவுடையது தீர்மானம். வித்தியாசம் அவ்வளவுதான்.

குசாமாவோட புள்ளி, நாராவோட கோபக்காரக் குழந்தை, இதெல்லாமும் யோகாய் கணக்கா?

இல்லை. ஓவியர் யாயோய் குசாமா சிறுவயதிலிருந்து தன் கண்ணுக்குத் தெரிந்த மாயக்காட்சிகளை வரைந்தார், அது அவருடைய சொந்த உலகம். ஓவியர் யோஷிதொமோ நாராவின் குழந்தைகளும் அப்படியே. ஜப்பானிலிருந்து வந்தது எல்லாவற்றையும் பேய்க்கதையோடு முடிச்சுப் போட வேண்டாம்.

எப்பவும் பொண்ணுங்கதான் பேயா வர்றாங்க. ஏன்?

யார் உயிரோடு இருக்கும்போது நியாயம் கேட்க முடியவில்லையோ அவர்கள் செத்த பிறகு கேட்கிறார்கள். ஒகிக்கு பணிப்பெண். 1825-இல் த்சுருயா நன்போக்குவின் கபுகி நாடகத்தால் புகழ்பெற்ற ஒய்வா, கணவன் வேறொருத்தியைக் கட்டுவதற்காக வஞ்சிக்கப்பட்டு, விஷத்தால் முகம் சிதைந்து செத்தவள். பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் பேய்மேல் அனுதாபமும் இருந்திருக்கும். ஆனால் இவற்றை எழுதியதும் வரைந்ததும் ஆண்கள், அழகான பெண்ணின் முகம் சிதைவதைப் பார்க்கிற ரசனையும் இதில் கலந்திருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

மட்சுயி ஃபுயுகோ (பிறப்பு 1974) இந்த மரபைப் பெண் பக்கத்திலிருந்து எடுத்து வரைகிறார். பிணம் அழுகுவதை ஒன்பது நிலைகளாகக் காட்டும் பழைய பௌத்த ஓவிய வகை ஒன்று உண்டு, பெரும்பாலும் அழகியின் பிணம். துறவிக்குப் பெண்ணாசை போக வேண்டும் என்பதற்காக. 2004-இல் மட்சுயி வரைந்த பெண் பூக்கள் நடுவே படுத்து, தன் வயிற்றைத் தானே திறந்து கருப்பையைக் காட்டுகிறாள். கண் நேராக நம்மைப் பார்க்கிறது. நோஞ்சான் மனதுக்காரர்கள் சாப்பிட்டவுடன் பார்க்க வேண்டாம்.

பெரிய போர் நடந்த பிறகு பேய்க்கதைக்கெல்லாம் என்ன மதிப்பு?

இந்தக் கேள்விக்குப் படமாகவே பதில் இருக்கிறது. மருகி இரி ஹிரோஷிமாக்காரர், மை ஓவியர். அவர் மனைவி தோஷி எண்ணெய் ஓவியர். 1945-இல் அணுகுண்டு விழுந்த சில நாட்களில் இருவரும் ஹிரோஷிமா போனார்கள். 1950-இல் முதல் படத்தை முடித்தார்கள், 1.8 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் நீளம். தலைப்பு 'யூரே'. உடை எரிந்து, தோல் உரிந்து தொங்க, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கும் கூட்டம். பழைய சுருள்களில் பேயின் கைகள் மணிக்கட்டிலிருந்து தொங்குமே, அதே நிலை. ஆனால் இங்கே அவர்கள் உயிரோடு இருப்பவர்கள். தோஷி நுணுக்கமாக வரைந்த உடல்கள்மேல் இரி மையைக் கொட்டுவாராம், அவர் மறுபடி வரைவாராம்.

32 ஆண்டுகளில் 15 படங்கள் செய்தார்கள். தங்கள் பக்கத்துச் சாவோடு நிறுத்தவும் இல்லை. ஹிரோஷிமாவில் இறந்த அமெரிக்கப் போர்க்கைதிகள் ஒரு படத்தில் வருகிறார்கள், கொரியர்களின் பிணங்கள்மேல் இறங்கும் காகங்கள் இன்னொன்றில்.

பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?

யோகாய்களைத் தாராளமாக. மிசுகி ஷிகெருவின் (1922–2015) கித்தாரோ காமிக்ஸிலிருந்து தொடங்கலாம். நியூ பிரிட்டன் தீவுப் போரில் இடது கையை இழந்து, ஒற்றைக் கையால் வாழ்நாள் முழுக்க யோகாய் வரைந்தவர். இன்றைய ஜப்பானியப் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகங்களில் பாதி அவர் கைவண்ணம், செக்கியெனிடமிருந்து எடுத்தவையும் அதில் நிறைய. மருகி படங்களைப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு, கூட உட்கார்ந்து காட்டுங்கள். மட்சுயி வேண்டாம்.

நேர்ல போய்ப் பார்க்கணும்னா எங்கே போகலாம்?

ஆகஸ்டில் தோக்கியோவில் இருந்தால் யனகாவிலுள்ள சென்ஷோ-அன் கோயில். கதைசொல்லி சன்யூதே என்ச்சோ (1839–1900) சேர்த்த பேய்ச்சுருள்களை அந்த மாதம் மட்டும் தொங்கவிடுவார்கள், ஓக்கியோ வரைந்ததாகச் சொல்லப்படுவதும் உண்டு. ஹெய்தாரோவின் ஊரான மியோஷியில் 2019 முதல் யோகாய் அருங்காட்சியகம் இருக்கிறது. மிசுகியின் சொந்த ஊர் சக்காய்மினாத்தோவில் ஒரு தெரு முழுக்க யோகாய்களின் வெண்கலச் சிலைகள். மருகி படங்களுக்கு சைத்தாமா மாநிலம் ஹிகாஷிமட்சுயாமா போக வேண்டும், நாகசாக்கி பற்றிய ஒரு படம் மட்டும் நாகசாக்கியில். ஒகமோட்டோவுக்காகத் தனியாக அலைய முடியாதென்றால் ஷிபுயா நிலையத்தில் ரயில் மாறும்போது நிமிர்ந்து பாருங்கள். அணுகுண்டு வெடிக்கும் கணத்தை அவர் வரைந்த 30 மீட்டர் சுவரோவியம் 2008 முதல் அங்கே இருக்கிறது, டிக்கெட் வேண்டாம்.

ஹொக்குசாய், குனியோஷி அச்சுகளை மட்டும் நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் அந்தச் சாயங்கள் வெளுத்துவிடும் என்பதால் எந்த அருங்காட்சியகமும் அவற்றை நீண்ட நாள் வெளியே வைக்காது. அந்த மாதம் எது காட்சியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.